தகுந்த ஆட்கள்

பண்டாரவளையில் கோச்சி ஏறினால் கொஸ்லந்தைக்குப் போய்விடலாம் என்று ஒன்பது வயதில் நான் நம்பியிருந்தேன். கொஸ்லந்தைக்கு ரயில் பாதையே கிடையாது. பெரியப்பா என்னை எங்கள் ஆட்கள் வேலை செய்த கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்தபோது ஹப்புத்தளை வரை பஸ்ஸிலும் அங்கிருந்து கோச்சியிலும் வந்தோம். திரும்பிப் போகவும் அதே கோச்சிதான் என்று மனதில் பதிந்துவிட்டது. அது இரண்டு பக்கமும் ஓடும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அம்மா பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அப்பா காய்ச்சலில் படுத்து, தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினார். அப்பாவின் அண்ணன் என்னைத் தன் லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். லயம் என்றால் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒரே ஒரு அறை. அதற்குள் ஏற்கெனவே அவரும் பெரியம்மாவும் ஆறு பிள்ளைகளும் இருந்தார்கள். சில மாதம் கழித்து பண்டாரவளையில் ஒரு வீட்டில் ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். "நல்ல சாப்பாடு போடுவாங்க, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவாங்களாம்" என்று பெரியப்பா சொன்னார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அடுப்படியில் படுத்தேன். பால் பொங்கி வழிந்த ஒரு நாள், சூடான அகப்பையை வலது கையில் வைத்தார்கள். அந்தப் புண் ஆறாத கையோடுதான், சந்தைக்குக் கறிவேப்பிலை வாங்க அனுப்பியபோது, ஸ்டேஷனுக்குள் நுழைந்து, நின்றுகொண்டிருந்த கோச்சியில் ஏறிவிட்டேன்.

சுரங்கப் பாதைகள் வந்தன. தெரிந்த மலை ஒன்றும் வரவில்லை. கடைசியில் எல்லாரும் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. பெட்டியைக் கூட்ட வந்தவர், "எறங்கு பாப்பா, இதுக்கு மேல பாதை இல்ல" என்றார். அது பதுளை.

பிளாட்பாரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கொழும்பிலிருந்து கடைக்கு வந்த பார்சல்களை எடுக்க ஒருவர் வந்திருந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி. பார்சல்களை வண்டியில் ஏற்றும் வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்து, கொஞ்சம் தள்ளி நின்றபடி கேட்டார்.

"யாரோட வந்த மகள்?"

"நானாதாங்க வந்தேன்."

"எங்க போக?"

"கொஸ்லந்தைக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. "இன்னைக்கி ஏலாது. வா, சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்றார்.

கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர் அவர். கடைக்குப் பின்னால் வீடு. அவருடைய மனைவி எனக்குச் சோறு போட்டார். நான் இடது கையால் சாப்பிடப் போனதைப் பார்த்து வலது கையைப் பிடித்துத் திருப்பினார். புண்ணைப் பார்த்தார். கழுவி, மருந்து போட்டு, தானே சோற்றைப் பிசைந்து ஊட்டினார். மறுநாள் காலையில் இருவரும் என்னைப் பொலிசுக்குக் கூட்டிப்போனார்கள். பண்டாரவளைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து வழியெல்லாம் அழுதேன். "அழாத, இந்தக் கைய அவங்களுக்குக் காட்டத்தான் போறோம்" என்றார் அந்த அம்மா.

இப்படித்தான் நான் சட்டத்தின் கைக்குள் வந்தேன். அப்போது அது எனக்குத் தெரியாது. தெரிந்தது, சேலை கட்டி, குடை பிடித்து, கையில் ஒரு பையோடு வந்த சிங்களப் பெண்மணி ஒருவரை மட்டும்தான். நன்னடத்தை உத்தியோகத்தர் என்பது அவருடைய வேலை. ஊரில் எல்லாரும் 'புரபேஷன் நோனா' என்றார்கள். அவர் பண்டாரவளைக்கும் போனார், எங்கள் தோட்டத்துக்கும் போனார். பெரியப்பாவால் என்னை வைத்துப் பார்க்க முடியாது என்று அவரிடமே கேட்டு அறிந்து வந்தார். அநாதைப் பிள்ளைகளின் விடுதி ஒன்றில் இடம் தேடிக்கொண்டிருந்தபோது, துணிக்கடைக்காரரும் மனைவியும் நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்களுடைய இரண்டு மகன்மாரும் அப்போதே கொழும்பில் வியாபாரத்தில் இருந்தார்கள்.

நீதவான் அவர்களை உடனே நம்பிவிடவில்லை. பெற்றோர் இல்லாத பிள்ளையை நீதிமன்றம் ஒருவர் பொறுப்பில் விடும்போது, அவர் அதற்குத் 'தகுந்த ஆள்'தானா என்று பார்க்க வேண்டும். சட்டத்தில் இருக்கும் சொல்லே அதுதான். வருமானம், வீடு, பழக்கவழக்கம் எல்லாம் விசாரித்தார்கள். கடைசியில் நீதவான் இன்னொன்று கேட்டார். அதை, பிறகு நான் மாமி என்று கூப்பிட்ட அந்த அம்மா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். பிள்ளை இந்துப் பிள்ளை. நீங்கள் முஸ்லிம்கள். பிள்ளையை அதன் சமயத்திலேயே வளர்ப்பதாக வாக்குக் கொடுக்க முடியுமா?

"இவரு தொப்பியச் சரிசெஞ்சாரு" என்பார் மாமி. "பொறகு, கொடுக்கிறேன் ஐயா எண்டு செல்லிட்டாரு. கொடுத்துட்டு ஊட்டுக்கு வந்துதான் என்னட்ட கேட்டாரு, கோயில்ல என்னென்ன செய்றதெண்டு ஒனக்குத் தெரியுமா எண்டு."

அவர்களை மாமா, மாமி என்று கூப்பிடச் சொன்னார்கள். "உம்மா எண்டு கூப்புட வாணாம். ஒனக்கு அம்மா இருந்தா" என்று மாமி முதல் நாளே சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் மாமி என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போவார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கோவிலுக்கு எதிரே சைக்கிள் திருத்தும் கடையின் தாழ்வாரத்தில் நிற்பார். நான் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வருவேன். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. இரண்டு பக்கத்திலும் பேச்சு வந்தது. மாமாவின் உறவுக்காரர்கள், இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை என்றார்கள். கோவிலுக்கு வந்த பெண்கள் சிலர், பிள்ளையை மாற்றப் பார்க்கிறார்கள், இதெல்லாம் வெளிப்பூச்சு என்றார்கள். மாமி அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே தாழ்வாரத்துக்கு வந்தார். மழை பெய்தால் குடையோடு நின்றார், அவ்வளவுதான்.

நோன்பு மாதத்தில் எனக்காக மட்டும் மத்தியானம் அடுப்பு மூட்டுவார். தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷி, கறிக்கு உப்புச் சரிதானா என்று என்னிடம் கேட்டுத் திருத்துவார். எனக்கு அது தாங்கவில்லை. "நானும் நோம்பு இருக்கேன் மாமி" என்று ஒரு தடவை சொன்னேன்.

"நீ நோம்பு புடிச்சா, கோர்ட்டுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆகுற? சாப்புடு" என்றார்.

புரபேஷன் நோனா சில மாதங்களுக்கு ஒரு முறை வருவார். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். வந்ததும் நான் படுக்கும் இடத்தைப் பார்ப்பார், பள்ளிக்கூடக் கொப்பிகளைப் புரட்டுவார். பிறகு மாமியிடம், "நீங்க கொஞ்சம் வெளிய போங்க. நான் பிள்ளையோட தனியா கதைக்கணும்" என்பார். சொந்த வீட்டில் தன்னை வெளியே போகச் சொல்கிறார்களே என்று முதல் தடவை மாமியின் முகம் சுருங்கியது. எனக்கும் பயம். நோனா போன பிறகு மாமி கோபித்துக்கொள்வார் என்று நினைத்து, "நான் ஒன்னும் சொல்லல மாமி" என்றேன்.

அது நோனாவின் காதில் விழுந்துவிட்டது. படியிறங்கிப் போனவர் திரும்பி வந்தார்.

"சொல்லலாம்" என்றார். "நல்லது இருந்தா சொல்லலாம், கெட்டது இருந்தாலும் சொல்லலாம். அதுக்குத்தான் தனியா கேக்கிறது. அது உங்க உரிமை."

என்னை யாரும் அதுவரை 'உங்க' என்று சொன்னதில்லை. உரிமை என்ற சொல்லைவிட அதுதான் எனக்கு அன்று பெரிதாக இருந்தது.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது பெரியப்பா பதுளைக்கு வந்தார். அந்த வருடங்களில் தோட்டம் தோட்டமாக ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்திய வம்சாவளியான எங்கள் ஆட்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்திருந்தார்கள். பெரியப்பா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கடை வாசலில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை முழுவதும் நரைத்திருந்தது.

மாமா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். பெரியப்பா கதிரையின் நுனியில் உட்கார்ந்து தேநீரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒங்க நன்றிய மறக்க மாட்டேங்க மொதலாளி" என்றார். "ஆனா நாங்க எல்லாரும் போறோம். தம்பி மகளத் தனியா இந்த நாட்டுல விட்டுட்டுப் போக மனசு வரல. கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேங்க."

"இவ கோர்ட்டுப் பொறுப்புல ஈக்கிற புள்ள" என்றார் மாமா. "நா கொடுக்கிறேன் எண்டும் செல்ல ஏலாது, கொடுக்கல்ல எண்டும் செல்ல ஏலாது."

அப்படி விஷயம் திரும்பவும் நீதிமன்றத்துக்குப் போனது. மாமா ஒரு பிரக்கிராசியிடம் யோசனை கேட்டார். அந்தக் காலத்தில் சட்டத்தரணிகளில் ஒரு பிரிவினரை அப்படித்தான் சொல்வார்கள். அவர் வீட்டுக்கே வந்து பேசினார். நானும் மாமியும் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

"லேசான வழி ஒன்று இருக்கிறது" என்றார் பிரக்கிராசி. "சட்டப்படி தத்து எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பத்து வயது தாண்டிவிட்டது, ஆகவே அவளுடைய சம்மதமும் வேண்டும். அவள் சம்மதிப்பாள்தானே? பதிவிலே உங்கள் மகள் என்று வந்துவிட்டால் பெரியப்பன் ஒன்றும் கேட்க முடியாது."

"புள்ளட வாப்பாட பேரு?" என்றார் மாமா.

"தகப்பன் இடத்தில் உங்கள் பெயர் வரும்."

மாமா யோசிக்கவே இல்லை. "அது செய்ய ஏலாது" என்றார்.

பிரக்கிராசி இன்னும் ஏதேதோ விளக்கினார். மாமா அதையேதான் திரும்பச் சொன்னார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நாலு வருடம் சோறு போட்டுப் படிக்கவைத்தவர்களுக்கு, மகள் என்று எழுதிக்கொள்ள மட்டும் மனமில்லை என்று நினைத்தேன். மாமி வந்து தோளைத் தொட்டார். நான் தள்ளிவிட்டேன். காரணம் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. கேட்டால் வரும் பதிலைத் தாங்க முடியாது என்று இருந்தது.

வழக்கு நாள் வரை அந்த வீட்டில் விருந்தாளியைப் போல இருந்தேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். போட்டதைச் சாப்பிட்டேன்.

பிள்ளைகளின் வழக்குகளை நீதவான் சனங்களுக்கு முன்னால் விசாரிக்க மாட்டார். பின்னால் இருந்த அவருடைய அறையில்தான். முதலில் என்னை மட்டும் கூப்பிட்டார்கள். புரபேஷன் நோனா கூட வந்தார். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிறவரை முதலியார் என்பார்கள், அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். நீதவான் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார், கண்கள் களைத்திருந்தன. என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றேன். எங்கள் ஆட்கள் தொரைமார் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் திரும்பவும் சொன்னார். உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். வீட்டைப் பற்றிக் கேட்டார். முதலியார் தமிழில் சொல்வார், நான் பதில் சொல்வேன், அவர் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வார்.

"பெரியப்பா ஒன்ன அடிச்சிருக்காரா?"

"இல்லங்க தொரை. அவரு நல்லவருங்க."

"அவரோட இந்தியாவுக்குப் போக விருப்பமா?"

நான் நோனாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. நீ சொல்றத வச்சித்தான் ஐயா யோசிக்கப் போறாரு" என்றார் முதலியார்.

எனக்குள் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்டுவிட்டேன். "நான் போகலன்னா, மாமாவும் மாமியும் என்ன வச்சிக்குவாங்களாங்க? அவங்க பேருக்கு என்ன எழுத மாட்டேன்னு சொல்லிட்டாங்க."

முதலியார் அதை மொழிபெயர்த்தார். நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். பெரியப்பாவையும் மாமாவையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். மாமா வந்ததும், இந்தக் கேள்விக்கு நீங்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், பிள்ளைக்கே சொல்லுங்கள் என்றார்.

மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். கடையில் எத்தனையோ பேரிடம் தடையில்லாமல் பேசுகிறவர் அன்று சொல்லுக்குத் தடுமாறினார்.

"மகள், ஒன்ட வாப்பா மவுத்தாகினாலும் ஒனக்கு அவருதான் வாப்பா. அந்தப் பேர அழிச்சிட்டு என்ட பேர எழுத எனக்கு ஹக்கு இல்ல. எங்கட மார்க்கத்துல அது கூடாது. அதுக்குத்தான் ஏலாது எண்டு சென்னேன். ஒன்ன வாணாமெண்டு செல்லல்ல. மத்தபடி எங்கட ஊட்டுல ஒனக்கு எல்லா ஹக்கும் ஈக்கி. நீ கலியாணம் முடிக்கும் வரைக்கும், முடிச்ச பொறகும்."

மவுத்து என்றால் மரணம், ஹக்கு என்றால் உரிமை. முதலியார் அந்தச் சொல்லில் ஒரு கணம் தயங்கி, பிறகு சொன்னார். நீதவான் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு என்னிடம் மறுபடி கேட்டார்கள். "நான் இங்கயே இருக்கேங்க" என்றேன். பெரியப்பா இருந்த பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

நான் பதினெட்டு வயது வரை மாமா பொறுப்பிலேயே இருக்கலாம் என்று தீர்ப்பானது. பெரியப்பா குடும்பம் புறப்படும் முன்னால் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்றும் நீதவான் சொன்னார். உறவுகளைப் பார்ப்பதும் பிள்ளையின் உரிமை, அதை யாரும் தடுக்கக் கூடாது என்றார்.

வெளியே வந்ததும் பெரியப்பா நீதிமன்றப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கோவமா பெரியப்பா?"

"இல்ல ஆயி" என்றார். "அந்த ஐயா ஒன்னப் போறியா இருக்கியான்னு கேட்டாரு. பண்டாரவளைக்கு அனுப்பும்போது நான் ஒன்னக் கேக்கல. கேக்கணும்னே எனக்குத் தெரியல." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எங்களையும் யாரும் கேக்கல பாரு. போன்னாங்க, போறோம்."

அவர்கள் புறப்படுவதற்கு முதல் வாரம் மாமி என்னைக் கொஸ்லந்தைக்குக் கூட்டிப்போனார். லயத்தில் சட்டி பானைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். பெரியம்மா எனக்குத் தலை வாரிப் பூ வைத்தாள். அப்பா அம்மாவைப் புதைத்த இடத்தை அக்காமார் காட்டினார்கள். புல் வளர்ந்து மூடியிருந்தது. இனி பார்த்துக்கொள்ள நீ ஒருத்திதான் இருக்கிறாய் என்று பெரிய அக்கா சொன்னாள். மாமியும் எங்களோடு வந்து, புடவையைச் செருகிக்கொண்டு, உட்கார்ந்து புல் பிடுங்கினார்.

இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் போகும் கோச்சிகளில் எப்போதும் அழுகைச் சத்தம்தான் என்று சொல்வார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. போக வேண்டாம் என்று பெரியப்பாவே சொல்லிவிட்டார்.

பதினெட்டு முடிந்த மாதத்தில் புரபேஷன் நோனா கடைசித் தடவையாக வந்தார். இனி தான் வந்து விசாரிக்கச் சட்டம் இல்லை என்றார். யாரும் என்னை வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் இன்றோடு முடிந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு, "எங்க இருப்பீங்க?" என்று கேட்டார். மாமி உள்ளே இருந்து, "நல்ல கேள்வி. வேற எங்க இருக்கிற?" என்றார். நோனா சிரித்துக்கொண்டே தேநீரைக் குடித்து முடித்தார்.

நீதிமன்றத்தால் தர முடியாத ஒன்று மட்டும் இருந்தது. நான் இந்தியாவுக்குப் போகவில்லை. அதனால் இந்தியப் பிரஜை இல்லை. தோட்டத்து ஆட்களுக்கு இங்கேயே பிறந்தாலும் சட்டம் பிரஜாவுரிமை தரவில்லை, ஆகவே இலங்கைப் பிரஜையும் இல்லை. ஓ.எல். பரீட்சையில் சித்தியடைந்தும் அரசாங்க வேலை எதற்கும் விண்ணப்பம் போட முடியவில்லை. மாமா கச்சேரிக்கு, மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, நடையாய் நடந்தார். ஒவ்வொரு தடவையும் வேறொரு மேசையைக் காட்டினார்கள். தையல் படித்தேன். கடையில் எடுத்த துணிகளையே தைத்துக் கொடுத்தேன். பதுளை ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருந்த ஒருவரைக் கலியாணம் முடித்தேன். மாமாதான் பேசி முடித்தார். மாமா நெஞ்சு வலி வந்து இறந்துபோனபோது என் மூத்த பிள்ளைக்கு நடக்கும் வயது.

பெரியப்பா நீலகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்து, அங்கேயே இறந்துபோனார். அக்காமாரில் ஒருத்தி நன்றாக இருக்கிறாள். மற்றவள் குடும்பம் கடனில் சிக்கி, காட்டு வேலைக்குப் போய்ச் சீரழிந்தது என்று கேள்விப்பட்டேன். அவர்களோடு போயிருந்தால் நான் என்னவாகியிருப்பேன் என்று சில நேரம் யோசிப்பதுண்டு. அவர்கள் இங்கேயே இருந்திருந்தால் என்னவாகியிருப்பார்கள் என்பதைத்தான் அதிகம் யோசிக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில்தான் எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. முப்பது வயது தாண்டிவிட்டது. கச்சேரியிலிருந்து நேரே மாமியிடம் போனேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சான்றிதழைக் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார். அதில் இருந்தது அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"இனி ஒன்ன யாரும் எங்கயும் அனுப்ப ஏலாதா?"

"ஏலாது மாமி."

"கோர்ட்டு, கச்சேரி, ஒருத்தருக்கும் ஏலாதா?"

"ஒருத்தருக்கும் ஏலாது."

"அப்ப சரி" என்றார். சாயங்காலம் ஈரக்காற்று அடிக்கும், உள்ளே கொண்டுபோய் வை என்று சொல்லிவிட்டு, மிச்சக் கீரையை ஆயத் தொடங்கினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடியை எடுத்துக்கொண்டேன்.